காற்றில் ஜெயித்தவர்கள் தண்ணீருக்கு மாறிய கதை

போர்ஷேயா, ஃபெராரியா என்று ரெண்டு பேர் வாதம் பண்ண ஆரம்பித்தால் முதலில் குதிரைசக்தி வரும். அப்புறம் உச்ச வேகம். அப்புறம் நூறைத் தொட எத்தனை நொடி. பேச்சு சூடு பிடிக்கும், ஆனால் சூட்டைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள் :-)

எனக்கென்னவோ பந்தயக் கார்களின் வரலாற்றில் பாதியை அந்த ஒரு விஷயத்தை வைத்தே எழுதிவிடலாம் என்று தோன்றும். இன்ஜினில் பிறக்கிற சூட்டை எந்த வழியாக வெளியே அனுப்புவது? காற்று வழியாகவா, தண்ணீர் வழியாகவா? 1970-ல் உலகத்தின் மிக வேகமான ரெண்டு பந்தயக் கார்கள் இந்தக் கேள்விக்கு நேரெதிரான பதில்களோடு மோதின. காற்று ஜெயித்தது. ஆனால் எட்டே வருடத்தில், ஜெயித்தவர்களே தோற்றவர்களின் பதிலுக்கு மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் ரெண்டு பாரா தாண்டிப் போயிடலாம்.

பெட்ரோலில் இருக்கிற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிற வேலையாக மாறும். இன்னொரு பங்கு புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். மிச்சம் இருப்பது இன்ஜினின் உலோகத்துக்குள் சூடாக இறங்கும். 500 குதிரைசக்தி கொடுக்கிற இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது, சில நூறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் போட்டு ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்ட மாதிரி. உள்ளே எரிகிற வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் செய்கிற அலுமினியமோ 660 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், சூடு நிற்காமல் வெளியேறிக்கொண்டே இருப்பதுதான்.

சாதாரண சாலையில் இது பெரிய பிரச்சினை கிடையாது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிப்பது சில நொடிகள்தான். பிறகு சிக்னல் வரும், லாரி வரும், மாடு வரும். பந்தயத் தடத்தில் அந்த ஓய்வு கிடையாது. நேர்ப்பாதையில் முழு மிதி, வளைவுக்கு ஒரு பிரேக், மறுபடியும் முழு மிதி. சாலையில் சமர்த்தாக ஓடுகிற பல ஸ்போர்ட்ஸ் கார்கள் தடத்தில் பத்து நிமிஷத்தில் திணறிப்போவது இதனால்தான். லெ மான் பந்தயத்தில் இந்த மிதி 24 மணி நேரம்.

இந்தச் சூட்டை எடுத்துப் போக எது நல்லது? கணக்குப் போட்டால் போட்டியே இல்லை. ஒரே கன அளவுக்கு, தண்ணீர் காற்றைவிட சுமார் 3500 மடங்கு சூட்டைச் சுமக்கும். அப்படியானால் காற்றை யார் நம்புவார்கள்?

போர்ஷே நம்பியது. அதற்குக் காரணமும் இருந்தது. தண்ணீரில் குளிரவைக்க ரேடியேட்டர் வேண்டும், பம்ப் வேண்டும், குழாய்கள் வேண்டும், அத்தனைக்குள்ளும் தண்ணீர் வேண்டும். எல்லாமே எடை. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் பந்தயம் முடிந்தது. ரேடியேட்டருக்குக் காற்று வர காரின் உடம்பில் பெரிய வாய் வெட்ட வேண்டும், அது வேகத்தைக் குறைக்கும். கடைசியில் பார்த்தால் தண்ணீரும் தன் சூட்டைக் காற்றிடம்தான் கொடுக்கப் போகிறது. நடுவில் எதற்கு ஒரு தரகர்? இதுதான் அவர்கள் வாதம். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காற்றில் குளிர்ந்தது. மகன் ஃபெர்ரி போர்ஷே காலத்தில் வந்த 356-ம் அப்படியே. 1964-ல் விற்பனைக்கு வந்த 911-ம் அப்படியே. அது அவர்களுக்குக் குடும்பச் சொத்து மாதிரி.

இனி 1968-க்குப் போவோம்.

அப்போது பந்தய விதிகளில் ஒரு சந்து இருந்தது. புரோட்டோடைப் கார்களுக்கு இன்ஜின் அளவு 3 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றால் 5 லிட்டர் வரை போகலாம். அந்த எண்ணிக்கை முதலில் 50. 1968-ல் அதை 25 ஆகக் குறைத்தார்கள். பழைய கார்களை வைத்திருக்கிற சின்ன அணிகளுக்கு உதவலாம் என்ற நல்ல எண்ணம். 25 புத்தம் புதுப் பந்தயக் கார்களை எவனாவது பைத்தியக்காரன் ஒரேயடியாகக் கட்டுவான் என்று யாரும் நினைக்கவில்லை.

கட்டினார் ஒருவர். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் வயிற்றுப் பேரன் ஃபெர்டினாண்ட் பீயெஹ். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான், போர்ஷேயின் வடிவமைப்பு வேலைகள் அவர் கையில். 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 917 என்ற கார் நின்றது. ஏப்ரலில் அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வந்தபோது தொழிற்சாலை வாசலில் 25 கார்கள் வரிசையாக நின்றன. ஆள் போதாமல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களையும் இறக்கிவிட்டுத்தான் பூட்டி முடித்தார்கள் என்பார்கள்.

இன்ஜினை வடிவமைத்தவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வருவார். 4.5 லிட்டர், பக்கத்துக்கு ஆறாகப் படுத்திருக்கிற 12 சிலிண்டர்கள். 12 சிலிண்டரையும் காற்றிலேயே குளிர்விக்க வேண்டும். முன்னால் இருக்கிற சிலிண்டருக்கும் பின்னால் இருக்கிற சிலிண்டருக்கும் ஒரே அளவு காற்று போக வேண்டும். ஒன்று பட்டினி கிடந்தாலும் அதன் பிஸ்டன் காலி. அதற்காக இன்ஜினுக்கு மேலே, படுக்கைவாட்டில், நம் வீட்டு சீலிங் ஃபேன் மாதிரி ஒரு விசிறியை வைத்தார்கள். கண்ணாடி இழை பிளாஸ்டிக்கில் செய்தது. பெல்ட் கிடையாது, பல்சக்கரங்கள் வழியாக இன்ஜினே சுற்றும். முழு வேகத்தில் நொடிக்கு சுமார் 2400 லிட்டர் காற்றைக் கீழே தள்ளும். அதற்கு இன்ஜின் கொடுத்த விலை சுமார் 17 குதிரைசக்திதான். 500-க்கு மேல் கொடுக்கிற இன்ஜினுக்கு இது மலிவு.

காற்று மட்டும் வேலை செய்தது என்றும் சொல்லிவிட முடியாது. இன்ஜின் ஆயிலும் சூட்டைச் சுமந்து காரின் மூக்கில் இருந்த ஆயில் கூலருக்குப் போய்த் திரும்பியது. எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சோடியம் அடைத்து, அதன் தலையில் சேர்கிற சூட்டைத் தண்டு வழியாக இறக்கினார்கள். 'ஏர் கூல்ட்' என்று பெயர்ப்பலகை இருந்தாலும், உள்ளே எல்லா வழியும் திறந்துதான் இருந்தது.

எதிர்முகாமில் ஃபெராரி. 1969 ஜூனில் ஃபியட் நிறுவனம் ஃபெராரியின் பாதிப் பங்கை வாங்கியது. கையில் காசு வந்தது. அவர்களும் 25 கார்கள் கட்டினார்கள். பெயர் 512எஸ். 5 லிட்டர், வி வடிவில் 12 சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஃபெராரியில் சிலிண்டருக்கு நாலு வால்வு. போர்ஷேயில் ரெண்டு. வால்வு கூடினால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், சக்தி கூடும். தண்ணீர் என்பதால் ஃபெராரிக்கு அது சுலபம். நாலு வால்வுக்கு நடுவே இருக்கிற இண்டு இடுக்கில் எல்லாம் தண்ணீர் புகுந்து வெளியே வந்துவிடும். காற்றுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. காற்று குளிர வைக்க வேண்டும் என்றால் உலோகத்தில் தகடு தகடாகச் செதுக்க வேண்டும் (பைக் இன்ஜினைச் சுற்றி இருக்குமே, அதே), அந்தத் தகடுகளுக்கு இடம் வேண்டும்.

ஆக, 1970-ல் தாளில் பார்த்தால் ஃபெராரிதான் நவீனமான இன்ஜின். அளவு பெரிசு, வால்வு அதிகம். ஆனால் சக்தியில் ரெண்டும் ஏறக்குறைய சமம், 550 குதிரைசக்தி சுற்றுவட்டாரம். எடையில் 917 இளைத்தது. ரேடியேட்டர் இல்லாத லாபம்!

ஆனால் 917 முதல் வருடம் ஓட்டுநர்களைப் பயமுறுத்தியது. இன்ஜினால் அல்ல, உடம்பால். வேகம் கூடக்கூட பின்பக்கம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. 1969 லெ மானில் ஜான் வூல்ஃப் என்ற பிரிட்டிஷ்காரர் தன் சொந்தக் காசில் வாங்கிய 917-ல் முதல் சுற்றிலேயே விபத்தில் இறந்துபோனார். அந்த வருடம் அக்டோபரில் ஆஸ்திரியாவில் நடந்த சோதனையில்தான் தீர்வு கிடைத்தது. ஜான் வையர் அணியின் இன்ஜினியர் ஜான் ஹார்ஸ்மன், காரின் முன்பக்கம் முழுக்கப் பூச்சிகள் அடித்து ஒட்டியிருப்பதையும், வால்பக்கம் சுத்தமாக இருப்பதையும் பார்த்தார். பூச்சி படவில்லை என்றால் காற்றும் படவில்லை என்று அர்த்தம். அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி வாலை உயர்த்திக் கட்டினார்கள். கார் தரையோடு ஒட்டியது. 917கே என்ற குட்டை வால் வடிவம் பிறந்தது இப்படித்தான்.

1970 சீசனில் உலக சாம்பியன்ஷிப்பில் 10 பந்தயங்கள். 9 போர்ஷேக்கு. ஃபெராரி ஜெயித்த ஒன்று செப்ரிங் 12 மணி நேரம். அதுவும் அரை நிமிஷத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் (ரெண்டாவது வந்த போர்ஷே 908-ன் ஓட்டுநர்களில் ஒருவர் நடிகர் ஸ்டீவ் மெக்வீன்).

அந்த வருட லெ மானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போர்ஷே அதுவரை அங்கே ஒட்டுமொத்த வெற்றி பெற்றதே இல்லை. ஃபெராரி பக்கத்தில் 11 கார்கள். கொட்டும் மழை. ஜெயித்தது ஹான்ஸ் ஹெர்மானும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டிய சிவப்பு வெள்ளை 917, எண் 23. இதில் அழகு என்னவென்றால், அது களத்தில் இருந்த வேகமான 917 கிடையாது. அதற்குள் பெரிய இன்ஜின் வந்துவிட்டது. ஆட்வுட் வேண்டும் என்றே பழைய 4.5 லிட்டர் இன்ஜினையும், நாலு கியர் பெட்டியையும் கேட்டு வாங்கினார். 24 மணி நேரம் தாங்குவது எது என்று யோசித்தார், அவ்வளவுதான். அவரைவிட வேகமானவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கடைசியில் வரிசையில் இடம் பிடித்தவை மொத்தம் 7 கார்கள்.

1971-ல் மறுபடியும் 917. ஹெல்முட் மார்கோவும் கைஸ் வான் லெனெப்பும் 24 மணி நேரத்தில் 5335 கிலோமீட்டர் ஓட்டினார்கள். சராசரி மணிக்கு 222 கி.மீ. அந்த தூரத்தை 2010 வரை, 39 வருடம், யாரும் தாண்டவில்லை. காற்று இன்ஜினின் உச்சம் இதுதான்.

அதே பந்தயத்தில் இன்னொரு 917-க்கு என்ன ஆனது தெரியுமா? விக் எல்ஃபர்டும் ஜெரார் லாரூஸும் ஓட்டிய நீள வால் கார். மேலே இருந்த அந்த விசிறி கழன்றுவிட்டது. இன்ஜின் கொதித்தது. கார் வெளியேறியது. ரேடியேட்டர் குழாய் கசிந்தால் பந்தயம் போச்சு என்று கேலி பேசியவர்களுக்கு, விசிறி கழன்றாலும் பந்தயம் போச்சு என்று தெரிந்தது. ஒரு கார் சாதனை படைத்ததும், அதன் கூடப்பிறந்தது கொதித்து நின்றதும் ஒரே நாளில்.

1971-ஓடு 5 லிட்டர் கார்களின் காலம் விதிப்படி முடிந்தது. 917 அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்துக்குப் போனது. அங்கே இன்ஜின் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. போர்ஷே டர்போவைப் பூட்டியது. 1973-ல் மார்க் டொனஹ்யூ ஓட்டிய 917/30-ல் 5.4 லிட்டர் இன்ஜின் 1100 குதிரைசக்தி கொடுத்தது. இன்னமும் காற்றுதான். இன்னமும் ரெண்டு வால்வுதான். இதைப் பார்த்த யாருக்கும் காற்றுக்கு எல்லை உண்டு என்று தோன்றியிருக்காது.

ஆனால் எல்லை வந்தது. டர்போ என்பது சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கிற வேலை. அதே சின்ன இடத்தில் அதிகப் பெட்ரோல் எரியும். அதே சின்ன இடத்திலிருந்து அதிக சூட்டை எடுக்க வேண்டும். 1977 லெ மானில் போர்ஷே 936, ஜாக்கி இக்ஸ் இரவு முழுக்க ஓட்டிய ஓட்டத்தால், எல்லோரையும் விட வெகு தூரம் முன்னால் இருந்தது. கடைசி மணி நேரத்தில் ஒரு பிஸ்டன் போனது. மெக்கானிக்குகள் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் முடக்கிவிட்டு, ஆறு சிலிண்டர் காரை அஞ்சு சிலிண்டரில் அனுப்பினார்கள். யூர்கன் பார்த் அதை உருட்டிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டினார். ஜெயித்தார்கள். ஆனால் அப்படி ஜெயித்ததைப் பார்த்துவிட்டு இன்ஜினியர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது.

மெட்ஸ்கருக்கு விடை தெரிந்திருந்தது. நாலு வால்வு வேண்டும். நாலு வால்வு வேண்டும் என்றால், ரெண்டு எக்ஸாஸ்ட் வால்வுக்கு நடுவே இருக்கிற அந்த மெல்லிய சுவர், இன்ஜினிலேயே அதிகம் சுடுகிற இடம், குளிர வேண்டும். அங்கே தகடு செதுக்க இடமில்லை. காற்று போக வழியில்லை. தண்ணீர் மட்டும்தான் போகும்.

1978-ல் போர்ஷே பந்தய இன்ஜின்கள் மாறின. சிலிண்டர்கள் பழையபடி காற்றில். ஹெட் மட்டும் தண்ணீரில், நாலு வால்வோடு. 'மோபி டிக்' என்று செல்லப்பெயர் வாங்கிய 935/78-ல் ஹெட்டையும் சிலிண்டரையும் எலக்ட்ரான் கற்றையால் ஒட்டியே விட்டார்கள். நடுவில் கேஸ்கெட் இருந்தால்தானே ஊதும்! 3.2 லிட்டரிலிருந்து 800-க்கு மேல் குதிரைசக்தி வந்தது. அந்த வருட லெ மானில் ஜெயித்தது என்னவோ ரெனோ. ஆனால் 1982-ல் அதே வழியில் வந்த 956 முதல் மூன்று இடங்களையும் அள்ளியது. எண்பதுகளில் லெ மான் என்றாலே போர்ஷே என்று ஆனது, ஹெட்டுக்குள் ஓடிய தண்ணீரின் புண்ணியத்தில்.

இதே கேள்வியில் இன்னொரு பெரிய மனிதரும் மாட்டினார். ஹோண்டாவின் நிறுவனர் சோய்சிரோ ஹோண்டா. அவருக்கும் காற்றின் மேல் தீராத காதல். 1968-ல் ஃபார்முலா ஒன்னுக்காக ஆர்ஏ302 என்ற காற்றுக் குளிர்விப்பு கார் வந்தது. சோதித்துப் பார்த்த ஜான் சர்ட்டீஸ் ஓட்ட மறுத்தார். பிரான்சில் ரூவான் தடத்தில் ஜோ ஷ்லெஸர் ஓட்டினார். மழையில் கார் சறுக்கி மோதியது, மெக்னீசிய உடம்பு பற்றி எரிந்தது, அவர் இறந்துபோனார். அந்த விபத்துக்குக் காற்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தயாராகாத ஒரு கார் தடத்துக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு பெரியவரின் பிடிவாதம் இருந்தது. ஆறு வருடம் முன்பு, 1962-ல், இதே ரூவானில்தான் டான் கர்னி காற்றுக் குளிர்விப்பு போர்ஷேயில் ஜெயித்திருந்தார் என்பது காலத்தின் கிண்டல்.

அப்புறமும் ஹோண்டா விடவில்லை. 1969-ல் ஹோண்டா 1300 என்ற சாலைக் காரும் காற்றில்தான் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நெருங்கியபோது, இளம் இன்ஜினியர்கள் தண்ணீர் வேண்டும் என்று வாதாடினார்கள். கூட்டாளி ஃபுஜிசாவா அவரிடம், நீங்கள் நிறுவனத்தின் தலைவரா அல்லது இன்ஜினியரா, எதாக இருக்க ஆசை என்று கேட்டாராம். தலைவராகவே இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1972-ல் தண்ணீரில் குளிர்கிற சிவிக் வந்தது. ஹோண்டாவை உலகம் முழுக்கக் கொண்டுபோன கார் அது.

போர்ஷேயின் 911 சாலைக் காருக்கு அந்த முடிவு எடுக்க இன்னும் இருபது வருடம் ஆனது. 1986-ல் வந்த 959-ல் பந்தயக் கார் மாதிரியே ஹெட்டுக்கு மட்டும் தண்ணீர். 911-ன் கடைசி காற்று மாடலான 993-ன் தயாரிப்பு 1998-ல் நின்றது. அடுத்து வந்த 996 முழுக்கத் தண்ணீர். ரசிகர்கள் கொதித்தார்கள் (ரேடியேட்டர் இல்லாமல்!). இதெல்லாம் ஒரு போர்ஷேயா, பாரம்பரியம் போச்சு என்று புலம்பினார்கள். இன்றைக்கும் பழைய காற்று 911-க்குத் தனி மரியாதை, தனி விலை.

அந்த சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 'உண்மையான போர்ஷே என்றால் காற்றுதான்' என்கிற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றை வைத்து உலகத்தையே ஜெயித்த 917 இன்ஜினை வரைந்த அதே மெட்ஸ்கர்தான், காற்றை விட்டு வந்த நாலு வால்வு இன்ஜினையும் வரைந்தார். மெக்லாரன் அணிக்காக அவர் வடிவமைத்த டேக் டர்போ இன்ஜின், தண்ணீரில் குளிர்வது, 1984, 85, 86 மூன்று வருடமும் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. 2020-ல் காலமான அந்த மனிதருக்குக் காற்றும் சரி தண்ணீரும் சரி, மதம் கிடையாது. சூடு எங்கே தேங்குகிறது என்று பார்த்தார். அங்கே எது போகுமோ அதை அனுப்பினார். குடும்பச் சொத்து என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தால் 956 வந்திருக்காது.

அதனால் அடுத்த முறை ரெண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடும்போது குதிரைசக்தியோடு நிறுத்தாதீங்க. முன்னால் எத்தனை ரேடியேட்டர், காற்று உள்ளே வர எங்கே வழி, அதைவிட முக்கியமாக வெளியே போக எங்கே வழி, ஆயிலுக்குத் தனி கூலர் உண்டா, பத்து சுற்று முடிந்த பிறகும் முதல் சுற்றின் நேரம் வருகிறதா என்று பாருங்க. தடத்தில் ஓட்டுகிற வாய்ப்பு கிடைத்தால் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்க. காற்றோ தண்ணீரோ, வண்டி நின்ற பிறகும் உள்ளே இருக்கிற சூடு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும், அதை எடுத்துப் போக ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

1998-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கடைசி காற்று 911 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அதே வருடம் ஜூனில், போர்ஷே மறுபடியும் லெ மானை ஜெயித்தது. ஜெயித்த காரின் பெயரிலும் 911 இருந்தது. 911 ஜிடி1. அதன் இன்ஜின் தண்ணீரில்தான் குளிர்ந்தது.